ஆலிஸ் நம்பாத ஜப்பான்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், இறால் உரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் கேட்டில் ஆலிஸ் லேடி செக்யூரிட்டியாக இருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களைச் சோதித்து அனுப்புவதுதான் வேலை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாள். பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். கடைசியில் இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தட்டுவாள். பெரிய இறாலாகப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தட்டும்போது கை சில்லிட்டால் ஆள் மாட்டினாள்.

அந்தச் சந்தேகத்தை அவள் கேட்டிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. பால் பாக்கெட்டை அழுத்திப் பார்ப்பாள். சிரித்துப் பேசுகிற ஆள் என்றால் ஒரு அடி தள்ளி நிற்பாள். முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. கணவன் லியோனார்ட் மலேசியா போய்த் திரும்பிய பிறகுதான் அப்படி ஆனாள்.

லியோனார்ட் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் சுரண்டிக்கொண்டிருந்தவன். மலேசியாவில் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை என்று ஒரு ஏஜென்ட் அழைத்துப் போனான். அந்த ஏஜென்ட் வெளியாள்கூட இல்லை, ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் முழந்தாளிடுகிறவன். போய் இறங்கிய இடத்தில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. காட்டுக்குள் ஒரு மரம் அறுக்கும் மில். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். லியோனார்ட் மூன்று வருஷம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அங்கே நடந்ததைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தான்.

அவர்களுக்கு ஒரே மகள் சாண்ட்ரா. தவழும் வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பள்ளியில் சேர்த்தபோது, கையை ஆட்ட விடாதீர்கள், வாயசைவைப் பார்த்துப் பேசப் பழகட்டும் என்றார்கள். ஆலிஸ் அதை அப்படியே கடைப்பிடித்தாள். குழந்தையின் கை எழுந்தால் தட்டி இறக்கினாள். ஆனால் டீச்சர் பார்க்காத நேரத்தில் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு மட்டும் அது வரவில்லை. சோறு, தண்ணீர், தூக்கம், மீசையைத் தடவினால் அப்பா என்று கைவிரல்களுக்குள் அடங்கிப்போன சில ஜாடைகளை வைத்துக்கொண்டே கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

டிகிரி முடித்து டேட்டா என்ட்ரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாண்ட்ரா, ஒரு நாள் சாயங்காலம் போனை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "அம்மா நான் தேர்வு ஆனேன். ஜப்பான் பத்து மாதம் படிப்பு, பயிற்சி. மாற்றுத்திறனாளி இளைஞர்கள் பல நாட்டில் இருந்து வருகிறார்கள். எல்லாம் இலவசம்" என்று தட்டச்சு செய்திருந்தாள்.

ஆலிஸின் கண் கடைசி வார்த்தையில் நின்றது.

லியோனார்ட் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சும்மா கூட்டினு போறானாம், சும்மா சோறு போடுவானாம். காது கேக்காத பொண்ணாண்ட ஜப்பான்காரனுக்கு இன்னாபா வேல?" என்று ஆலிஸ் அவனிடம் கேட்டாள். அவன் கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தான்.

பக்கத்து வீட்டு டோரதி மட்டும் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னாள். "கிட்னியா இருக்கும் ஆலிஸு. வாய் பேச வராத புள்ள, அங்க போயி யாராண்ட சொல்லும்?"

ஆலிஸுக்கு அது விளையாட்டுப் பேச்சாகத் தெரியவில்லை. கேட்டில் தட்டும்போது சில பெண்கள் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி விலகுவார்கள். துணிக்கு மேலேயே, கிட்னி விற்ற தழும்பின் மேடு கையில் தட்டுப்படும். ஆலிஸும் கேட்கமாட்டாள், அவர்களும் சொல்லமாட்டார்கள்.

அன்றிலிருந்து மகளைக் கண்காணிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாண்ட்ரா ஜன்னலோரம் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் பேசுவாள். திரையில் நரைத்த தலையுடன் ஒரு ஜப்பான்காரர், இரண்டு மூன்று இளம்பெண்கள், யாரோ நம் ஊர்க்காரர்கள். எல்லோருடைய கைகளும் பறந்தன. வீட்டில் ஒரு நாளும் பார்க்காத வேகத்தில் சாண்ட்ராவின் கைகளும் பறந்தன. அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இவ்வளவு பேச்சு அவளுக்குள் எங்கே இருந்தது என்று ஆலிஸுக்குப் புரியவில்லை. புரியாதது எல்லாம் அவளைப் பொறுத்தவரை மறைப்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்புக் கரண்டியோடு பின்னால் வந்து நின்றவள் அதைப் பார்த்தாள். நரைத்த தலைக்காரர் தன் இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். உடனே சாண்ட்ராவைச் சுட்டிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்ணும் அதையே செய்தாள். இடுப்பு, பிறகு சாண்ட்ரா. மகள் சரி என்பதுபோலத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. ஆலிஸ் அதைத் துடைக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் சாண்ட்ராவின் பாஸ்போர்ட் வந்தது. சாண்ட்ரா அதைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள். மறுநாள் ஆலிஸ் அதை எடுத்துக்கொண்டு போய் கம்பெனியில் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினாள். விசாவுக்குக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியபோது சாண்ட்ரா வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். ஆலிஸும் கூடவே தேடினாள். பாயைத் தூக்கினாள், பாத்திரங்களை நகர்த்தினாள். கையை விரித்து இல்லை என்று காட்டினாள். மகள் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் லியோனார்ட் ஆட்டோவோடு கம்பெனி வாசலுக்கு வந்தான். அவன் அப்படி வருகிறவன் இல்லை. ஆலிஸ் ஏறி உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பாமலே கேட்டான்.

"நீதான எடுத்த?"

"இன்னாத்த?"

"ஆலிஸு."

அவன் திரும்பிப் பார்க்காமல், ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே பேசினான்.

"என் பாஸ்போர்ட்ட அந்த மில்லுக்காரன் பீரோல வச்சிப் பூட்னான். காட்டுக்குள்ள போனா புலி அடிச்சிரும், உன் நல்லதுக்குதான் வச்சினு கீறேன்னுதான் அவனும் சொன்னான். தெனம் காலைல அந்தப் பீரோவத் தாண்டிதான் வேலைக்குப் போவேன். இப்ப அவ நம்ம பீரோவத் தாண்டிப் போய்கினு கீறா."

மலேசியாவைப் பற்றி அவன் சொன்ன முதல் பேச்சு அது. ஆலிஸ் இறங்கிப் போய் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆனால் மகளிடம் உடனே கொடுக்கவில்லை. போய்விட்டு முழுசாகத் திரும்பி வந்த ஒருத்தியைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே பயிற்சிக்குப் போய் வந்தவள் கார்குழலி. வியாசர்பாடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அம்மா ரமாபாயோடு இருந்தாள். சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், சக்கர நாற்காலியில் இருப்பவள். சாண்ட்ராவும் ஆலிஸும் அங்கே போனபோது ஷைனியும் வந்தாள். ஷைனி தண்டையார்பேட்டைக்காரி, காது கேளாத தம்பதிக்குப் பிறந்த, காது கேட்கும் பெண். காது கேளாதோர் சங்கத்தில் சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்வது அவள் வேலை.

ரமாபாய் டீ கொடுத்தாள். ஆலிஸ் டம்ளருக்குள் ஒரு முறை பார்த்துவிட்டுக் குடித்தாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தப்பா நெனச்சிக்காத கண்ணு. உன் இடுப்ப ஒரு தபா பாக்கணும்."

கார்குழலியின் முகம் மாறியது. "நான் இன்னா உங்க கம்பெனில எறா திருடுறவளா?"

"பாக்கணும். பாத்தாதான் என் பொண்ண அனுப்புவேன்."

ரமாபாய் எழுந்துவிட்டாள். கார்குழலி கையைக் காட்டி அம்மாவை உட்கார வைத்தாள். பிறகு குர்தாவை இரண்டு பக்கமும் தானே தூக்கினாள். "பாத்துக்கோ ஆண்ட்டி."

ஆலிஸ் குனிந்து பார்த்தாள். பார்த்தது போதாமல் கட்டைவிரலால் தடவினாள். முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஒரு தழும்பு. "இது இன்னா?"

"பத்து வயசுல வியுந்தேன்ல, அப்ப போட்ட தையலு. அது ஜப்பான் இல்ல, நம்ம மெட்ராஸு." குர்தாவை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள். "அங்க ஒண்ணும் குஜால் இல்ல ஆண்ட்டி, கேட்டுக்கோ. மொத ரெண்டு மாசம் அயுதுகினே கெடந்தேன். சாப்பாட்ல ஒறப்பே இல்ல. இஸ்டேசன்ல என் வண்டிய எவனும் தள்ளல, நானா லிஃப்ட்ல ஏறி நானா எறங்கினேன். ஆனா திரும்பி வந்து இந்த வாசப்படி ஒண்ணப் பாக்கும்போது பைத்தியம் புடிக்கிது. மின்னாடி புடிக்கல. இப்ப புடிக்கிது."

அவள் கசப்பையும் சேர்த்துச் சொன்னதால்தான் ஆலிஸ் கொஞ்சம் நம்பினாள். ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. ஷைனியிடம் திரும்பினாள்.

"அந்த நரச்ச கெயவன் எதுக்கு இங்க இங்க தட்டி என் பொண்ணக் காட்றான்? நான் பாத்தேன், டபாய்க்காம சொல்லு." தன் இடுப்பில் தட்டிக் காட்டினாள்.

ஷைனி சிரித்துவிட்டாள். "அது சாண்ட்ரா பேரு ஆண்ட்டி."

"இன்னாது?"

"வாயால பேரு சொல்லிக் கூப்ட முடியாதுல்ல? அதனால ஒவ்வொருத்தருக்கும் கையால ஒரு பேரு வெப்பாங்க. ஸ்கூல்லயே வச்சிருவாங்க. இவ பேரு இது."

தன்னைப் பற்றிய பேச்சு என்று சாண்ட்ராவுக்குப் புரிந்துவிட்டது. ஷைனியைப் பார்த்துக் கையால் கேட்டாள். ஷைனி சங்கடத்தோடு ஆலிஸைப் பார்த்தாள். "இன்னா பேசுனீங்கன்னு கேக்குறா. நான் சொல்லியே ஆவணும் ஆண்ட்டி, அதான் என் வேல." எல்லாவற்றையும், கிட்னி சந்தேகத்தையும் சேர்த்து, அப்படியே சைகையில் சொன்னாள்.

சாண்ட்ரா சிரிக்கவில்லை. அம்மாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து கையால் பேச ஆரம்பித்தாள். ஷைனியின் வாய் அதைத் தமிழாக்கியது.

"சின்ன வயசுல லீவு வுட்டா உங்கூட கேட்டாண்ட வருவேன். நீ எல்லாரையும் தட்டிகினு இருப்ப. ஸ்கூல்ல பசங்க உங்கம்மா இன்னா வேலன்னு கேட்டாங்க. செஞ்சி காட்னேன். அன்னிலேர்ந்து என் பேரு அதான்."

ஷைனி 'நான்', 'என்' என்று சொன்னதில் ஆலிஸுக்கு முதலில் குழப்பம். யார் பேசுவது என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் பேசுவது மகள் என்று உறைத்தது. மகள் முழுசாக ஒரு பேச்சு பேசி அவள் கேட்பது அதுவே முதல் முறை.

"பாஸ்போர்ட்ட நீ எடுத்த. எடுத்துட்டு எங்கூடவே தேடவும் செஞ்ச. வூட்ல நீங்கள்லாம் சேந்து சிரிப்பீங்க. இன்னான்னு கேட்டா, அப்பால சொல்றேன்னு கையக் காட்டுவ. அந்த அப்பால எப்பம்மா வரும்?"

ஆலிஸ் கைப்பையைத் திறந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்து மகள் மடியில் வைத்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

சாண்ட்ரா விமானம் ஏறினாள். ஆலிஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷைனி நடத்தும் சைகை வகுப்பில் போய் உட்கார ஆரம்பித்தாள். மகள்மேல் பொங்கிய பாசத்தால் போகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் போனது அதற்காக இல்லை. இனி யாரும் தன் கண் எதிரில் தனக்குத் தெரியாமல் பேசக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு சைகையைச் சொல்லிக் கொடுத்ததும், "இதுக்கு வேற அர்த்தம் எதுனா கீதா?" என்று கேட்டு ஷைனியைப் பாடாய்ப்படுத்தினாள். தட்டியே பழகிய விரல்கள் வளைய மறுத்தன. ஆனாலும் வீடியோவில் மகள் மெதுவாகக் கையசைத்தால் பாதி புரிந்தது. பனி, ரயில், சோறு, தோழி. ஒரு நாள் சாண்ட்ரா ஏதோ சொல்ல, ஆலிஸ் தப்பாகப் புரிந்துகொண்டு தப்பான பதில் சொல்ல, மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று ஆலிஸ் கேட்டாள். சாண்ட்ரா உடனே சொன்னாள்.

குளிர்காலத்தில் சில நாட்கள் அழைப்பு வரவில்லை. கேட்டதற்கு, லேசாகக் காய்ச்சல், ஓய்வில் இருக்கிறாள் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பதில் ஆலிஸின் மூக்குக்கே பொய்யாக நாறியது. கடைசியில் சாண்ட்ரா வீடியோவில் வந்தபோது முகம் வெளுத்து, கொஞ்சம் சாய்ந்தாற்போல உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷம் கேட்டில் நின்றவளுக்கு அந்தச் சாய்வு போதும்.

எழுந்திரு, என்று கையால் சொன்னாள். சாண்ட்ரா எதையோ சொல்லி மாற்றப் பார்த்தாள். எழுந்திரு. சாண்ட்ரா எழுந்தாள். ஒரு கை வலது பக்கத்தைப் பிடித்திருந்தது. சட்டையைத் தூக்கு. தூக்கினாள். அங்கே ஒரு கட்டு இருந்தது.

ஆலிஸ் போட்ட கூச்சலில் டோரதி ஓடி வந்தாள். "எட்த்துட்டானுங்களே! நான் சொன்னேனே, பாவிங்க எட்த்துட்டானுங்களே!" என்று ஆலிஸ் அலறினாள். லியோனார்ட் போனை வாங்கி நேராகப் பிடித்தான். ஷைனியைக் கூப்பிட்டு இன்னொரு போனில் சேர்த்தார்கள். குடல்வால் வீங்கிவிட்டது, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், அவ்வளவுதான் என்று சாண்ட்ரா சொன்னாள். அம்மாவிடம் சொன்னால் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வாள் என்று பயந்து, யாரும் சொல்லக்கூடாது என்று அவளே தடுத்திருக்கிறாள். அவள் பெரியவள், அங்கே இருந்தவர்களும் அவள் பேச்சைத்தான் கேட்டார்கள்.

"நான் எப்டி நம்புறது?" என்று ஆலிஸ் கத்தினாள். பிறகு அதையே கையாலும் கேட்டாள்.

சாண்ட்ரா அழவில்லை. கட்டிலில் மெல்ல உட்கார்ந்து பேசினாள். ஷைனி அதைத் தமிழில் சொன்னாள்.

"எனக்கு ஏயு வயசுல தொண்ட ஆபரேசன் பண்ணீங்க. பீச்சுக்கு ஐஸ் வாங்கப் போறோம்னு ஜாட காட்டி கூட்டினு போன. மூஞ்சில மாஸ்க்க வச்சி அமுக்குனாங்க. செத்துட்டேன்னு நெனச்சேன். இங்க கத்தி வெக்கிறதுக்கு மின்னாடி, என்ன மாரியே காது கேக்காத ஆளு ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்து, எங்க வெட்டுவாங்க, எவ்ளோ நேரம், எப்ப வலிக்கும்னு கையால சொன்னாரு. நான் சரின்னு சொன்னப்புறம்தான் வெட்னாங்க. அந்த ஐஸு எனக்கு நீ வாங்கித் தரவே இல்ல."

லியோனார்ட் வெளியே போய்விட்டான். வலிக்கிறதா என்று ஆலிஸ் கையால் கேட்டாள். வகுப்பில் கற்றுக்கொண்ட சைகைதான், விரல் சரியாக விழவில்லை. சாண்ட்ரா கையை உயர்த்தி எப்படி மடக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். ஆலிஸ் திருத்திக் கேட்டாள். கொஞ்சம், என்றாள் மகள்.

பயிற்சி முடிந்து வசந்தத்தில் சாண்ட்ரா திரும்பினாள். மறுநாள் காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்து, வா, என்றாள். டோல்கேட் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனாள். கேட்கமாட்டாய், ஆனால் அதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். ஸ்கேன் எடுத்தவர் திரையைக் காட்டி, "ரெண்டு கிட்னியும் இருக்கும்மா, நல்லா இருக்கு" என்றார்.

ஆலிஸுக்கு அந்தச் சாம்பல் நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொரு தபா நல்லா பாருங்க சார்" என்றாள்.

அவர் மறுபடி பார்த்தார். இரண்டு இருந்தன. படுத்திருந்த மகளுக்கு ஆலிஸ் இரண்டு விரலைக் காட்டினாள். சாண்ட்ராவுக்குக் கோபமாக வந்தது. சிரிப்பும் வந்தது.

வீட்டில் அவள் நெடுநாள் தங்கவில்லை. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும், காது கேளாத தோழிகள் இரண்டு பேரோடு மாத்தூரில் வீடு எடுத்தாள். ஆலிஸ் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பிறகு போய் அந்த வீட்டின் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, எதிர்வீட்டுக்காரன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரன் மட்டும் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வீட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் சத்தம் வராது. உள்ளே விளக்கு மின்னும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலிஸ் மீன் குழம்போடு போய் பெல்லை அழுத்துகிறாள். கதவிடுக்கில் வெளிச்சம் விட்டு விட்டு எரிவது தெரியும். யாராவது பார்த்து எழுந்து வரும்வரை நிற்கவேண்டும். அந்த நேரத்தில் அவளுக்கு என்னென்னவோ தோன்றும். கதவைத் தள்ளிப் பார்க்கக் கை எழும். தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நிற்பாள்.